‘விலைச் சீட்டு’ நிரலுக்கு லோகோ: 23 படங்கள் வந்திருக்கின்றன, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

வணக்கம். மாங்காய் மண்டிகளுக்காக நாங்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதும் ‘விலைச் சீட்டு’ நிரலைப் பற்றிப் போன சீசனில் இங்கே பேசியிருக்கிறோம். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: தோட்டத்திலிருந்து லோடு வந்து இறங்கியதும் ரகம், எடை, கழிவு, கமிஷன், இறக்குக்கூலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, விவசாயி கையில் கொடுக்க ஒரு சீட்டு அச்சடிக்கும். யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம். மூன்று மண்டிகளில் ஓடுகிறது.

இதுவரை அதற்கென்று ஒரு படம் கிடையாது. பொதுவாக வரும் பல்சக்கர ஐகான்தான். ஒரு மண்டிக்காரர், “உங்க புரோகிராம் எதுன்னே தெரியலை தம்பி, பையன் லீவு போட்டா நான் எதைத் தட்டறது?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டு கல்லூரிக் குழுக்களில் சொல்லிவைத்தோம். பத்து நாளில் 23 படங்கள் வந்துவிட்டன.

இப்போது தலைவலி. சில படங்கள் செயற்கை நுண்ணறிவில் செய்தவை என்று பார்த்தாலே தெரிகிறது, மாம்பழம் பளபளக்கிறது, கீழே இருக்கும் எழுத்து தமிழ் மாதிரி இருக்கிறதே தவிர தமிழ் இல்லை. சிலவற்றை இணையத்தில் எங்கோ பார்த்த ஞாபகம். பெரும்பாலானவை ஜேபெக் மட்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி. காவேரிப்பட்டணத்தில் போர்டு எழுதும் ஒருவர் தாளில் பிரஷ்ஷால் வரைந்த கிளிமூக்கு மாங்காய், பக்கத்தில் ‘விலைச் சீட்டு’ என்று அவர் கையெழுத்திலேயே. அவருடைய மகள் செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

எங்கள் ஆறு பேருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் குழுவில் அதிக லைக் வாங்கியது பளபளப்பான ஒரு படம். ஓட்டுக்கு விடலாமா? உரிமம் எப்படி எழுதி வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சுழி, ஓசூர்

ஓட்டுக்கு விடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் இரண்டு விஷயம் கேளுங்கள் தம்பி. மூலக் கோப்பு இருக்கிறதா? இதை நீங்களே வரைந்தீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் வராத படத்தை ஓட்டுப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது. ஓட்டில் ஜெயித்த பிறகு ‘இது வேறொருவருடையது’ என்று தெரிந்தால், வரைந்தவருக்கும் அவமானம், உங்களுக்கும்.

நான் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளக் குழுவின் பக்கம் பல வருடமாக இருக்கிறேன், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். அதன் லோகோவான சிவப்புச் சுழி 1999இல் ஒரு போட்டியில் வந்தது, வரைந்தவர் ராவுல் சில்வா. அதில் இரண்டு வடிவம் இருந்தது. குப்பியிலிருந்து சுழி கிளம்புவது ஒன்று, குப்பி இல்லாத வெறும் சுழி இன்னொன்று. ஒன்று எல்லோரும் பயன்படுத்த, மற்றொன்று டெபியனின் அதிகாரப்பூர்வ வேலைகளுக்கு மட்டும். எதற்கு எது என்பதையே அதே வருடம் இன்னொரு ஓட்டெடுப்பு வைத்து மாற்றிக்கொண்டார்கள். குப்பி இல்லாத சுழிதான் இன்று உலகம் முழுக்கச் சட்டையிலும் லேப்டாப் மூடியிலும் இருக்கிறது. பூட்டி வைத்த குப்பியைப் பலருக்குத் தெரியவே தெரியாது.

டெபியனின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஒரு ஓவிய வரிசை வரும். பதிப்பு 8க்கு வந்த ‘லைன்ஸ்’, 11க்கு வந்த ‘ஹோம்வேர்ல்ட்’, 12க்கு வந்த ‘எமரால்ட்’ மூன்றையும் ஜூலியட் டாக்கா என்ற ஒரே ஓவியர் செய்தார். 13க்கு எலிஸ் கூப்பர் வரைந்த ‘செரடாப்சியன்’. ஒரு வால்பேப்பரோடு வேலை முடிவதில்லை. கணினி கிளம்பும்போது வரும் திரை, உள்நுழையும் திரை, நிறுவும்போது மேலே ஓடும் பட்டை என்று எல்லாவற்றுக்கும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு கோட்டையும் தனியாகத் திருத்தக்கூடிய எஸ்விஜி கோப்பைக் கேட்கிறார்கள். ஜேபெக் மட்டும் இருந்தால் அடுத்த வருடம் ஒரு எழுத்தை மாற்றக்கூட வழி இருக்காது. நிரலின் மூலத்தைத் திறந்து வைத்துவிட்டு, படத்தின் மூலம் யாரிடமும் இல்லை என்றால் அது பாதித் திறப்புதான்.

நான்கு ரோடு டிடிபி, தருமபுரி

சுழி அண்ணன் சொன்னது சரி. நான் அச்சுக்காரன், என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்.

நீங்கள் சீட்டு அடிப்பது தெர்மல் பிரிண்டரில்தானே? 58 மில்லிமீட்டர் தாள் என்றால் குறுக்கே மொத்தம் 384 புள்ளிதான். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் எதுவும் கிடையாது. 23 படத்தையும் அந்தப் பிரிண்டரிலேயே அடித்து மேஜையில் பரப்புங்கள். நிறம் நிறத்தோடு இழையும் பளபளப்பெல்லாம் அங்கே கரிப்பொடி தூவியது போலத்தான் வரும். எது மாங்காய் என்று சீட்டைப் பார்த்ததும் தெரிகிறதோ அதுதான் உங்கள் லோகோ.

இன்னொன்று. திரையில் பார்க்கும் அந்த மாம்பழ ஆரஞ்சு அச்சில் வராது. நாலு மையில் அந்தப் பளிச்சென்ற நிறத்துக்கு இடமில்லை, மங்கித்தான் விழும். மண்டி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினால் கிருஷ்ணகிரி வெயிலுக்கு இன்னும் வெளுக்கும். ஒரே நிறத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், வர்ணம் பிறகு ஏறட்டும்.

லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால் கொடுக்கும்போது எழுத்தைப் பாத் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் வேறு முகத்தோடு வந்து நிற்கும். எங்கள் மாதிரிக் கடைகளில் இன்னமும் பாமினி மாதிரிப் பழைய குறியீட்டு ஃபாண்டுகள்தான் ஓடுகின்றன. அவற்றில் அடித்த தமிழ் வேறு கணினிக்குப் போனால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

பர்கூர் நிரலர்

கோபித்துக்கொள்ள வேண்டாம், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கழிவுக் கணக்கில் இன்னும் பிழை இருக்கிறது, நானே இரண்டு முறை எழுதிப் போட்டிருக்கிறேன். செந்தூரா, பெங்களூரா என்று இரண்டு ரகத்தையும் ஒரே லோடில் கலந்து கொண்டுவந்தால் கமிஷன் தப்பாக வருகிறது. சீசன் தொடங்க நாள் இல்லை. இருக்கிற நேரத்தை லோகோவில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மாங்காய் எமோஜியை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

அந்தப் பிழையை நேற்று இரவு சரிசெய்துவிட்டோம் சார், இன்று நிரலில் ஏறிவிடும். நீங்கள் சுட்டிக்காட்டியிராவிட்டால் மண்டியில்தான் தெரிந்திருக்கும், நன்றி.

லோகோ விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். சீட்டை வாங்கிப்போகும் விவசாயி எங்கள் நிரலைப் பார்ப்பதில்லை, அந்தத் தாளைத்தான் பார்க்கிறார். பழைய மண்டிச் சீட்டில் மேலே பிள்ளையார் சுழி இருக்கும், கடைப் பெயர் இருக்கும், அதை வைத்து ‘இது அந்தக் கடைச் சீட்டு’ என்று வீட்டில் கம்பியில் குத்தி வைப்பார்கள். எங்கள் சீட்டு பெட்ரோல் பங்க் ரசீது போல இருக்கிறது. என் அப்பாவே ஒரு தடவை குப்பையில் போட்டுவிட்டார். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, அந்தத் தாளை ஒருவர் பத்திரமாக வைத்துக்கொள்வதும் அவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

பாலக்கோடு மாணவி

நான் இரண்டு படம் அனுப்பியிருந்தேன். ‘வந்தது’ என்றுகூட யாரும் பதில் போடவில்லை. இங்கே வந்து பார்த்தால் ‘எங்கோ பார்த்த ஞாபகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்னுடையதாகத்தான் இருக்கும். நான் கேன்வா என்ற வடிவமைப்பு இணையதளத்தில் செய்தேன். மாங்காயும் தராசும் அதில் இருந்த படங்கள், அடுக்கியது நான். திருடினேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அது தப்பு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன், மூன்று இரவு உட்கார்ந்து செய்தது.

சுழி, ஓசூர்

தப்பு உங்களுடையது இல்லை. அழைப்பு விட்டவர்கள் விதிமுறையை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கேன்வா போன்ற இடங்களில் உள்ள படங்களை வைத்து நாம் அழைப்பிதழ் செய்யலாம், போஸ்டர் செய்யலாம். ஆனால் அந்தத் தனிப்படங்களை எடுத்து ‘இனி யார் வேண்டுமானாலும் மாற்றலாம், விற்கலாம்’ என்று இன்னொரு உரிமத்தில் விட நமக்கு அதிகாரம் கிடையாது. கட்டற்ற மென்பொருளின் லோகோவுக்கு அந்த அதிகாரம் தேவை, அதுதான் சிக்கல்.

போட்டி வைப்பதில் இருக்கும் ஆபத்தும் இதுதான். பெரிய திட்டங்களே சறுக்கியிருக்கின்றன. 2017இல் லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கு அடையாளமாக ஒரு கதாபாத்திரம் தேடிப் போட்டி வைத்தார்கள். சச்சரவு பெருகி, எதையும் தேர்ந்தெடுக்காமலே முடித்துக்கொண்டார்கள். படம் அனுப்பிய அத்தனை பேர் உழைப்பும் போனது. லினக்ஸ் பென்குயினை எல்லோருக்கும் தெரியும். 1996இல் லாரி யூயிங் ஜிம்ப் மென்பொருளில் வரைந்தது. அதுவும் லோகோ போட்டிகளில் ஜெயித்ததில்லை. ஜெயித்த படங்கள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கிறது. அதனால் லைக் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், யாரும் மனம் ஒடிய வேண்டாம்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள் அம்மா, இலவசம், கட்டற்றது. ஒரு லோகோவோடு இந்த வேலை தீராது. எடை, முன்பணம், ரகம் என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் ஐகான் வேண்டும். அதற்குக் கை வேண்டும்.

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

மாணவிக்கு: பதில் போடாதது முழுக்க எங்கள் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள். படம் அனுப்பிய எல்லோருக்கும் இன்று தனித்தனியாக எழுதிவிட்டேன்.

டிடிபி அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் 58 மில்லிமீட்டர் தாளில் அடித்துப் பார்த்தோம். மண்டியிலேயே மேஜையில் பரப்பி, எடை போட வந்தவர்களிடம் “இது என்ன?” என்று கேட்டோம். பளபளப்புப் படத்தை ஒருவர் “உருளைக்கிழங்கா?” என்றார். மொத்தம் நாலு படம்தான் தேறியது. அதில் போர்டுக்காரர் வரைந்ததைப் பார்த்த ஒரு பெரியவர், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “கிளிமூக்கு. நம்மூர் பெங்களூரா” என்று ரகத்தையே சொல்லிவிட்டார். அந்த மூக்கு வளைவை அவர் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் வரைந்தது ஏதோ ஒரு மாம்பழம்.

எங்களுக்கு முடிவாகிவிட்டது. அந்த வீட்டாரை இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம்

வணக்கம் அண்ணா, எல்லோருக்கும் வணக்கம். படம் அனுப்பியது நான்தான். அப்பாவுக்கு இதெல்லாம் படிக்க வராது, நான் படித்துச் சொல்கிறேன்.

அப்பா பதினாறு வயதில் பிரஷ் பிடித்தவர். சுவரில் வெள்ளையடித்து, நூலில் நீலப்பொடி தடவி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அதற்குள் எழுத்தைச் சாக்பீஸில் ஒதுக்கிக்கொண்டு எனாமல் பெயின்டில் எழுதுவார். மண்டிகள், உரக்கடை, லாரியின் பின்பக்கம், கூத்து மேடைக்குத் திரை, எல்லாம் எழுதியிருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோய்விட்டது. இப்போது கோயில் திருவிழா சமயத்தில் கொஞ்சம், பள்ளிக்கூடச் சுவர் கொஞ்சம். மீதி நாளில் பெயின்டிங் கூலிக்குப் போகிறார்.

‘மாங்காய் மண்டிக்கு ஒரு படம் வேணுமாம்’ என்று நான்தான் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து இருபது நிமிடத்தில் வரைந்தார். நீங்கள் இவ்வளவு பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை. ‘கம்ப்யூட்டர்ல வருமா, யார் யாரு பார்ப்பாங்க’ என்று ரெண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு இரண்டு கேள்வி. போர்டு எழுதி முடித்ததும் கீழே வலது மூலையில் சின்னதாக அவர் பேரும் ஊரும் எழுதுவார். இதில் எங்கே எழுதுவது? அப்புறம், இதை வேறு யாராவது எடுத்துத் தப்பான காரியத்துக்கு வைத்தால் என்ன செய்வது? அவர் எழுதிய ஒரு கடைப் போர்டைப் போட்டோ எடுத்து, அதே எழுத்தை நாலு ஊரில் ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. அது அவருக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

நான்கு ரோடு டிடிபி, தருமபுரி

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் ஃப்ளெக்ஸ் மிஷின் வாங்கியவர்களில் நானும் ஒருவன். போர்டு எழுதுகிறவர்கள் ஒரு நாள் வேலையை நாங்கள் ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தோம். அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் நானே எழுத்து என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன் மாந்தோப்பு. அவருக்குப் பணம் கொடுக்கிறீர்களா? ‘சமூகப் பங்களிப்பு’ என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் நிரல் எழுதும் நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பளம் வேறொரு இடத்திலிருந்து வந்துவிடுகிறது. மாலையில் வந்து சும்மா எழுதுகிறோம். அவருக்கு எழுத்துதான் சம்பளம். எல்லோரையும் ஒரே தராசில் வைத்து ‘இலவசமாகக் கொடுங்கள்’ என்று கேட்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

பர்கூர் நிரலர்

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள்? மூன்று இரவு உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு? இரண்டு வருடமாக மொழிபெயர்த்துக் கொடுப்பவருக்கு? காசு உள்ளே வந்தால் யார் வேலை எவ்வளவு என்று பேச்சு வரும், பல நல்ல குழுக்கள் அப்படித்தான் உடைந்தன. அவரை மதிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. முறை ஒன்று வேண்டும் என்கிறேன்.

சுழி, ஓசூர்

பர்கூர் தோழரின் பயம் உண்மையானது. அதற்காகக் கொடுக்காமல் விடவும் முடியாது. என் யோசனை: மென்பொருளின் பணம் வேறு, போர்டின் பணம் வேறு என்று பிரித்துவிடுங்கள். மூன்று மண்டிக்கும் இதே லோகோவோடு வாசலில் போர்டு எழுத வேண்டும்தானே? அதை ஃப்ளெக்ஸில் அடிக்காமல் அவரையே எழுதச் சொல்லி மண்டிக்காரர்கள் கூலி கொடுக்கட்டும். லோகோவுக்கும் தனியாக ஒரு தொகை கொடுங்கள், எவ்வளவு என்பதை வெளிப்படையாக, நிரலோடு வரும் ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் எழுதுங்கள். கட்டற்ற உரிமத்தில் கொடுப்பதற்கும் காசு வாங்குவதற்கும் எந்த முரணும் இல்லை. உரிமம் பேசுவது அப்புறம் மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான்.

இனி அந்த அப்பாவின் கேள்விகள். மகள் அவரிடம் படித்துக் காட்டட்டும்.

பெயர்: நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் 57ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும், ‘இது நான் வரைந்தது’ என்று சொல்லும் உரிமை வரைந்தவரை விட்டுப் போகாது. மேலே சொன்ன பென்குயினுக்கு யூயிங் வைத்த நிபந்தனையும் கிட்டத்தட்ட இதுதான்: பயன்படுத்துங்கள், மாற்றுங்கள், யாராவது கேட்டால் என் பெயரையும் ஜிம்ப் பெயரையும் சொல்லுங்கள். படைப்புகளுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் சொல்லி, அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் வகையை, அதாவது பிஒய்-எஸ்ஏ 4.0, எடுத்துக்கொள்ளலாம். 2015இலிருந்து அதில் இருக்கும் படைப்பை ஜிபிஎல் மூன்றோடு சேர்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். பெயரை எஸ்விஜி கோப்பின் உள்தகவலிலும், ஆசிரியர் பட்டியலிலும், நிரலின் ‘பற்றி’ திரையிலும் எழுத வேண்டும். அவர் போர்டு மூலையில் எழுதும் அதே எழுத்தில் அந்தத் திரையில் போட்டால் இன்னும் நல்லது.

தப்பான காரியம்: இதில் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். கட்டற்ற உரிமம் கொடுத்த பிறகு, ‘எனக்குப் பிடிக்காத இடத்தில் வைக்காதே’ என்று எல்லோரையும் தடுக்க முடியாது. அவர் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் அதே 57ஆம் பிரிவில் கேட்கலாம். ‘விலைச் சீட்டு’ என்ற பெயரோடு சேர்த்து லோகோவை யார் போடலாம் என்பதற்கு நீங்கள் தனியாக ஒரு விதி வைக்கலாம். அந்த விதியையும் அளவோடு வையுங்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியின் லோகோவும் பெயரும் அப்படி இறுக்கமாக இருந்ததால்தான் 2006இல் டெபியன் அதை ‘ஐஸ்வீசல்’ என்று வேறு பெயரில் கொடுக்க வேண்டி வந்தது. சமாதானமாகிப் பழைய பெயர் திரும்ப 2016 ஆனது. இதையெல்லாம் கேட்ட பிறகும் அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. தமிழில் ஒரு தாளில் எழுதி, எந்த உரிமம், எவ்வளவு காலம், எந்த நாடுகளில் என்று குறிப்பிடுங்கள். காலத்தை எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், நாட்டை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தகடூர் ஆசிரியர்

தாமதமாக வருகிறேன். முதலில் வேறொரு யோசனையோடுதான் வந்தேன். மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த குதிரை வீரர்கள் இருக்கிறார்களே, அந்தக் கோட்டு நடையில் லோகோ செய்தால் நம் மண்ணுக்குரியதாக இருக்கும் என்று எழுத நினைத்தேன். இழையைப் படித்த பிறகு அது வேண்டாம் என்று தோன்றுகிறது. உயிரோடு இருக்கும் கை ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது பாறைக்குப் போக வேண்டியதில்லை.

மாணவர்களைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப்போவேன். அங்கே நடுகற்களில் அரசன் பெயர் இருக்கும், ஆட்சியாண்டு இருக்கும், ஆநிரை மீட்டு விழுந்த வீரன் பெயர் இருக்கும். ‘சார், இதைச் செதுக்கினது யாரு?’ என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். பெரும்பாலும் கல்லில் அது இருக்காது. அதியமான்கோட்டைச் சென்னராயப் பெருமாள் கோயில் கூரையில் இருக்கும் ஓவியங்களைக் காட்டும்போதும் அதே கேள்வி வரும். அதனால் அந்த மூலைக் கையெழுத்தை எப்படியாவது காப்பாற்றுங்கள்.

எழுத்தைப் பற்றி ஒரு சந்தேகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘விலை’யில் வரும் லை பழைய வடிவத்தில், யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு வளைவு போட்டு இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளியில் படித்தவர்களுக்கு அது பழக்கமில்லை. என் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினேன், பாதிப் பேர் தடுமாறினார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் இது சீட்டு, எல்லோரும் படிக்க வேண்டியது.

காவேரிப்பட்டணம்

அப்பாவிடம் சுழி அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். தடுக்க முடியாது என்று நேராகச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. ‘பேரு நிக்கும்னா சரி, எடுத்துக்கட்டும்’ என்றார். கையெழுத்துப் போடுகிறார்.

துதிக்கை லை அவர் கை பழகியது, யோசித்துப் போட்டதில்லையாம். ஆசிரியர் சொன்னதைக் கேட்டதும் புது லை போட்டு இன்னொன்று எழுதிவிட்டார். ஆனால் அவருக்கு அதில் திருப்தி இல்லை. பழைய லையில் துதிக்கை மேலே போய் ‘வி’யின் மேல்வளைவோடு சேர்ந்து ஒரு கூரை மாதிரி நிற்கும், புதியதில் அந்த இடம் காலியாகிவிடுகிறது என்கிறார். வாசல் போர்டில் பழையதையே எழுதட்டுமா என்று கேட்கச் சொன்னார். சீட்டுக்குப் புதியது.

தகடூர் ஆசிரியர்

போர்டில் தாராளமாக எழுதட்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேட்கட்டும், நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

பாலக்கோடு மாணவி

இங்க்ஸ்கேப் போட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மாந்தோப்பு அண்ணா அனுப்பிய ஸ்கேனை முதலில் தானாக டிரேஸ் செய்யும் வசதியில் கொடுத்தேன். வந்தது, ஆனால் பிரஷ் நடுங்கிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி வைத்து 600க்கு மேல் புள்ளிகள். இழுப்பு செத்துவிட்டது. அதை அழித்துவிட்டு, ஸ்கேனை அடியில் வைத்துப் பென் கருவியால் கையாலேயே வளைவு வளைவாகப் போட்டேன். 74 புள்ளியில் முடிந்தது. மூக்கு வளைவுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் ஆனது.

16 பிக்சல் ஐகானில் எழுத்து தெரியாது, அதனால் மாங்காய் மட்டும். 48க்கு மேல் கோட்டின் தடிமன் மாறுவதும் தெரிகிறது. நிறத்துக்கு அப்பா எந்த டப்பா எடுப்பார் என்று கேட்டேன், கோல்டன் யெல்லோ, பஸ் கிரீன் என்று அக்கா சொன்னார். காய்ந்த பெயின்டைப் போட்டோ எடுத்து அதிலிருந்து நிறத்தை எடுத்தேன். டிடிபி அண்ணா அச்சில் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். காம்பும் காயும் சேரும் இடத்தில் கோடு விட்டுப்போயிருக்கிறது. சின்ன இடைவெளி. பெயின்ட் தீர்ந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா? சேர்த்துவிடவா?

பர்கூர் நிரலர்

கோப்பைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, வேலை தெரிகிறது. பொத்தான் ஐகான்களையும் நீங்களே செய்வதாக இருந்தால் உங்கள் பெயரும் அதே பட்டியலில் வர வேண்டும், பணமும் அதே முறையில். நான் தயங்கியது முறை இல்லாததால். இப்போது எழுதி வைத்தாகிவிட்டது, என் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

மூன்று மண்டிக்காரர்களும் போர்டுக்குச் சம்மதம். ஒருவர் லாரிக் கதவிலும் எழுதச் சொல்கிறார். லோகோவுக்கான தொகையை ஆறு பேரும் பர்கூர் சாரும் போட்டுக் கொடுக்கிறோம், விவரம் ரீட்மியில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளோடு காவேரிப்பட்டணம் வருகிறேன். ‘பற்றி’ திரைக்கு மூலைக் கையெழுத்தை ஒரு வெள்ளைத் தாளில் தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள் அக்கா.

காவேரிப்பட்டணம்

எழுதி வைத்துவிட்டார், ஊர்ப் பெயரோடு.

அந்த இடைவெளியைச் சேர்க்க வேண்டாம் தங்கச்சி. கேட்டேன். காம்பை ஒடித்தால் பால் பீய்ச்சுகிற இடமாம் அது. பால் பட்டால் காயில் கறை விழும், அதனால் தோட்டத்தில் அந்த இடத்தில் கை வைக்க மாட்டார்கள். ‘நானும் வைக்கலை’ என்றார்.